டிசம்பர் மாசம் தூக்கிய மீன்

இந்தத் தடவை வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு மட்டையைக் கையால் தொடுவதில்லை என்று சங்கிலிமுத்து சபதம் செய்தார். மனசுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் செய்ய வேண்டுமென்றால் மனைவி வள்ளித்தாய் ரேஷன் கடைக்குப் போகும் நாள்வரை காத்திருக்க வேண்டும்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். இனி கார்த்திகை கழிந்துதான் திறப்பார்கள். சீசன் முழுக்க ஷெட்டுக்கு ஷெட் ஓடி, "பைய, பைய! தேய்க்காத! இழுக்காத!" என்று கத்திய போர்மேன் சங்கிலிமுத்துவுக்கு வீட்டில் உட்காரத் தெரியவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. காலை அடக்கினால் விரல் தாளம் போட்டது. வள்ளித்தாய் முருங்கைக்கீரை உருவியபோதுகூடப் பின்னால் போய் நின்று, "பைய, பைய" என்றார்.

"இம்புட்டுத் துடிப்பு இருக்குல்ல? கார்த்திகைக்கு என் தம்பி குடும்பத்தோட வாரான். வீட்டுக்கு வெள்ளையடிங்க."

"லீவுங்கிறது மனுசன் ஓய்வா இருக்கதுக்கு. நான் ஆனைக்குட்டம் டேமுக்குப் போயி மீன் பிடிக்கப் போறேன்."

"தூண்டில் போட்டா ஒரு இடத்துல உக்காரணும். முடிவெட்டப் போனா சலூன்காரரு உங்க தலைக்குப் பின்னாலயே ஓடுதாரு. நீங்க மீன் பிடிக்கப் போறீகளாக்கும்?"

சங்கிலிமுத்துவுக்கு ரோசம் வந்துவிட்டது. ரோசம் வந்தால் அவருக்குக் கணக்குத் தப்பும்.

"பிடிச்சு, அங்கனயே பொரிச்சு, உன் தட்டுல வைக்கேன். வச்சுட்டேன்னா வெள்ளையடிக்க நீ வேற ஆளைப் பாத்துக்கோ."

"வைக்கலைன்னா?"

"நானே அடிக்கேன்."

"மூணு கோட்டு," என்றாள் வள்ளித்தாய். "சரி, நானும் வாரேன். தட்டு என்னோடதுல்ல?"

மறுநாள் காலை தூண்டில், வாணலி, எண்ணெய், மசாலா, விறகு, காப்பிச் சாமான் எல்லாம் பைக்கில் ஏறின. சங்கிலிமுத்து வாசலுக்கு வந்தார். வாசலில் வள்ளித்தாய் நின்றாள். அவருடைய இரண்டு கைகளும் தாமாக மேலே போயின.

அது அந்த வீட்டு வழக்கம். வள்ளித்தாய்க்கு அதே கம்பெனி கேட்டில்தான் வேலை. உள்ளே வரும் பெண்களைத் தடவிப் பார்த்து, தீப்பெட்டி, போன் என்று எது இருந்தாலும் வாங்கி வைப்பாள். ஒரு நாள் போர்மேன் சட்டைப் பையிலேயே தீப்பெட்டி இருந்து, எல்லார் முன்னாலும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை. அவர் கையைத் தூக்குவார். அவள் பையைத் தட்டி, தீப்பெட்டியை எடுத்து வாசல் நிலைமேல் வைப்பாள். இன்றும் அவர் தூக்கினார். அவள் தட்டினாள். வண்டி கிளம்பியது.

மழை பெய்து அணையில் நல்ல தண்ணீர். வள்ளித்தாய் வேலமர நிழலில் சேலையை இழுத்துச் செருகி உட்கார்ந்து, மடியில் காகிதங்களை விரித்தாள். மகள் மாரிசெல்வி திருத்தங்கலில் அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். அச்சு விலகிப்போன பறவைக் காலண்டர் ஷீட்டுகளை அவள்தான் கொண்டுவந்து தந்திருந்தாள். அதில் ஒவ்வொரு பறவைக்கும் இரண்டு மூக்கு. பறவையின் பெயர் விழவில்லை. மாசத்தின் பெயர் மட்டும் விழுந்திருந்தது.

"ஏங்க, அங்கன பாருங்க! ஜூன் மாசம் ஒத்தைக் கால்ல நிக்குது!"

"சத்தம் போடாத. மீன் ஓடிரும்."

"அந்தக் கல்லு மேல பிப்ரவரி. அடடா, முங்குது பாருங்க!"

"வள்ளி! இங்கன இருக்கதுன்னா ஆடக் கூடாது, அசங்கக் கூடாது, என்ன நடந்தாலும் மூச்சு விடக் கூடாது. தெரியுதா?"

"சரிங்க."

அவள் கல்லாகிவிட்டாள். ஆடியதெல்லாம் அவர்தான். தூண்டிலைப் போட்டார், எடுத்தார். இடம் மாறினார். பழைய இடத்துக்கே வந்தார். மிதவை அசையாதபோது அசைத்துப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்து, "பைய, பைய" என்றார். ஆனாலும் உச்சிவெயிலுக்கு ஒரு ஜிலேபி மீன், இந்த ஆளின் தொந்தரவு தாங்காமல்தானோ என்னவோ, வந்து மாட்டியது.

சங்கிலிமுத்து ஆனைக்குட்டம் கேட்கக் கூவினார். மீனைக் கழுவி, மசாலா தடவி, வாணலியில் கிடத்தினார். மூன்று கல் கூட்டி, விறகை அடுக்கினார். அப்புறம் சட்டைப் பையில் கை விட்டார்.

கை வெறும் கையாக வந்தது.

"நீ எதுக்குத் தீப்பெட்டியை எடுத்தே? இன்னைக்கு லீவுல்ல!"

"நீங்க எதுக்குக் கையைத் தூக்கினீக? லீவுல்ல!"

சங்கிலிமுத்து கரையில் வேகமாக நடக்கத் தொடங்கினார். கொஞ்ச தூரத்தில் பெத்தணன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அதே கம்பெனியில் திரி வெட்டுகிறவன்.

"ஏலே பெத்தணா, தீப்பெட்டி இருக்காலே?"

பெத்தணன் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். "சத்தியமா இல்ல அண்ணாச்சி. வேணும்னா தடவிப் பாத்துக்கோங்க."

"சோதனை இல்லலே. எனக்கு வேணும்."

"இப்படித்தான் கேப்பீக. இருக்குன்னு சொன்னா சீட்டைக் கிழிப்பீக."

அடுத்து உட்கார்ந்திருந்தவனும் கம்பெனி ஆள்தான்; அவனும் கையைத் தூக்கினான். அதற்கடுத்தவன் கையைத் தூக்கியதோடு செருப்பையும் கழற்றிக் காட்டினான். ஊர் ஊருக்குத் தீப்பெட்டி லோடு ஏற்றும் சீமையில், கரை நெடுகக் கைகள் உயர்ந்ததே தவிர ஒரு குச்சி கிடைக்கவில்லை.

வேர்த்து விறுவிறுத்துத் திரும்பியபோது வாணலி காலியாக இருந்தது. பக்கத்தில் வள்ளித்தாய் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மீனு எங்க?"

"டிசம்பர் மாசம் வந்து தூக்கிட்டுப் போயிருச்சு," என்று ஷீட்டைக் காட்டினாள். செம்பருந்து. இரண்டு மூக்கோடு. "நம்ம கருடன்தாங்க!" கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீ விரட்டலியா?"

"என்ன நடந்தாலும் அசங்கக் கூடாதுன்னீக. அதோட, திருத்தங்கல் பெருமாளே வண்டி அனுப்பி வாங்கிட்டுப் போறாரு. குறுக்க நிக்க முடியுமா?"

சங்கிலிமுத்து பொத்தென்று உட்கார்ந்தார். அந்த லீவில் அவர் அசையாமல் உட்கார்ந்தது அப்போதுதான்.

"சரி, பசியில மூஞ்சி வாடிப்போச்சு. காப்பி போடுவோம்," என்ற வள்ளித்தாய், முந்தி முடிச்சை அவிழ்த்தாள். தீப்பெட்டியை எடுத்தாள். ஒரே உரசலில் விறகு பற்றிக்கொண்டது.

"இதை... இதை நீ நிலைமேலதான வைப்பே?"

"கம்பெனிக்குப் போனா நிலைமேல. அடுப்பு மூட்டப் போற இடத்துக்கு யாராச்சும் தீப்பெட்டி இல்லாம வருவாகளா?"

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"எதுக்கு எடுத்தேன்னு கேட்டீக. எங்கன இருக்குன்னு கேக்கலியே. கரை முழுக்கக் கேட்டீக, கட்டினவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே!" காப்பியை ஆற்றி அவர் கையில் தந்தாள். "குடிங்க. சுண்ணாம்பு ஊறவச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

மறுநாள் காலை சங்கிலிமுத்து பெத்தணன் வீட்டுப் பக்கம் நழுவப் பார்த்தார். வாசலில் வள்ளித்தாய் நின்றாள். இரண்டு கைகளும் தாமாக மேலே போயின. அவள் பையைத் தட்டவில்லை; உயர்ந்திருந்த வலது கையில் சுண்ணாம்பு மட்டையைச் செருகினாள்.

"கையை இறக்கிராதீக. உசரம் சரியா இருக்கு."