மாமாவுக்கு வாங்கிய மணை

'தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிறவிக் குணம். அதனால் நான் பட்ட அவமானங்கள் பல. ஐம்பது பேருக்கு முன்னால் பட்டது இது.

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், சான்ட்ரிங்ஹாமில் வீடு வாங்கிப் புதுமனை புகும் குடிபூரலுக்கு நாள் வைத்தோம். கொழும்பிலிருந்து மாமனார் வருவதாக அறிவித்தார். எங்களுடையது காதல் கல்யாணம் என்பதால் நான்கு வருடங்களாக அவர் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. போனை நான் எடுத்தால் இருமுவார். உடனே மகளிடம் கொடுத்துவிட வேண்டும். இந்த வருகையிலாவது ஒரு வார்த்தை பேசிவிடுவார் என்று கிடந்து தவித்தேன்.

மாமாவுக்கு முழங்கால் வருத்தம். பூசையில் சப்பாணி கட்டி இருக்க முடியாது. கதிரையில் இருந்தால் சாமியைவிட உயரமாகிவிடும் என்று அதற்கும் சம்மதிக்க மாட்டார்.

"பதிவா, நிலத்தோட ஒட்டினாப்போல ஒரு மணை தேடுங்கோவனப்பா," என்றாள் மனைவி வசந்தி.

ஏவன்டேலில் ஒரு மண்டபத்தில் ஆப்பிரிக்கக் கைவினைச் சந்தை. கூடைகளையும் பாசிமணிகளையும் என்னை முறைத்த முகமூடிகளையும் கடந்து போனால், அல்மாஸ் என்ற எத்தியோப்பியப் பெண்ணின் மேசையில் அது இருந்தது. ஒரே மரத்தில் குடைந்த, ஒரு சாண் உயர மணை. மேல்பக்கம் பதமாக வளைந்திருந்தது. (இருக்கிற இடத்துக்கு அளவெடுத்த வளைவு என்று புல்லரித்துப் போனேன்.)

"என் அண்ணன் செதுக்கியது. இதை எங்கள் ஊரில்..." என்று அவள் ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"தெரியும், தெரியும்! எங்கள் ஊரிலும் இருக்கிறது," என்று மறித்தேன்.

"உண்மையாகவா? வயதானவர்களுக்கா?"

"வயதானவர்களுக்கேதான்!"

இவ்வளவு தூரத்தில் தன் ஊர் வழக்கம் தெரிந்த ஒருவனைக் கண்டதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். எனக்குத் தலைகால் புரியவில்லை. குடிபூரலுக்குச் சாப்பிட வரும்படி அவளையும் அழைத்துவிட்டு வந்தேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

அன்று ஐயர் மந்திரம் சொல்ல, மாமா மணையில் ராசா மாதிரி இருந்தார். அப்போதுதான் அல்மாஸ் ரொட்டித் தட்டோடு உள்ளே வந்தாள். மாமாவைப் பார்த்தாள். மாமாவுக்குக் கீழே இருந்ததைப் பார்த்தாள். தன் மொழியில் ஏதோ அலறினாள். பிறகு ஆங்கிலத்தில், "அது தலையணை! தலை வைத்துப் படுப்பது!"

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். மாமாவுக்கு விளங்கியிருக்காது என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. மனிதர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். போதாக்குறைக்கு, தலையணையில் இருந்தால் பின்பக்கத்தில் கட்டி வரும் என்று பிள்ளைகளை வெருட்டி வளர்த்தவர்.

முழங்கால் வருத்தமெல்லாம் எங்கே போனதோ, மாமா துள்ளி எழும்பினார். தலையணையைத் தூக்கிச் சால்வையால் துடைத்தார். அல்மாஸிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மருமகன், விளங்காட்டி வாயைத் திறந்து கேக்கிறதுக்கென்ன உமக்கு?"

மருமகன்! சபைக்கு முன்னாலேயே நான் பல்லைக் காட்டிக்கொண்டு அழுதேன். நான்கு வருடத் தவம், ஏச்சாக வந்தால் என்ன?

அன்று திறந்த வாயை மாமா மூடவில்லை. பேத்தி பிறந்ததும் அவளுக்கும் கதையைச் சொல்லிவிட்டார். இங்கே பிறந்த என் மகளுக்கு எதற்கும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். ஆனால் நான் என்ன சாமான் வாங்கிக்கொண்டு வந்தாலும், வாசலில் மறித்து நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கேட்பாள்:

"அப்பா, இது தலைக்கோ, குண்டிக்கோ?"