பாகீரதி பிறந்த இடம்

தனியாக இமயமலைக்குப் போவது என்ற முடிவை லக்ஷ்மிநாராயணன் குளியலறையில்தான் எடுத்தார். கல்கத்தாவில் டாக்குரியாவில் இருந்த அந்த ஃப்ளாட்டில் அவருக்கென்று மிஞ்சியிருந்த இடம் அது ஒன்றே. அங்கேயும் கதவுக்கு வெளியிலிருந்து, "மாப்பிள்ளை, குழாயைக் கொஞ்சம் சின்னதாத் திறக்கலாமே" என்று குரல் வந்தது. அந்தக் கணத்தில் எடுத்த முடிவு.

குரல் அனந்தலக்ஷ்மியுடையது. மனைவி பாகீரதிக்குச் சித்தி. கும்பகோணத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். காளிகாட்டில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறேன் என்று ஆடியில் கல்கத்தாவுக்கு வந்தாள். காளி கும்பிடை வாங்கிக்கொண்டாள். மழை வந்தது. மழை போயிற்று. சித்தி போகவில்லை.

சித்தி இருப்பதில் லக்ஷ்மிநாராயணனுக்கு ஆட்சேபம் கிடையாது. பேசுவதில்தான். அவர் சவரம் செய்துகொள்ளும் திசை தப்பு. அவர் செய்தித்தாளை மடிக்கும் விதம் தப்பு. துறைமுக ஆபீஸில் ஒரு கிடங்கு முழுவதும் அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்; வீட்டில் அவர் கையெழுத்தே கோணல் என்று தெரிந்தது. பாகீரதியும் வாய் ஓயாதவள். ஒரே வீட்டில் இரண்டு வானொலி நிலையங்கள், நேயர் ஒருவர் என்று ஆகிவிட்டது.

கீழ்த்தளத்து மித்ரா பாபு ஒவ்வொரு பூஜை விடுமுறைக்கும் பேட்டை கிளப் ஆட்களைத் திரட்டிக்கொண்டு எங்காவது மலைக்குப் போகிறவர். சமையல்காரர் முதல் குரங்குக் குல்லாய் வரை எல்லாம் கூடவே போகும். இந்த வருஷம் கங்கோத்ரிப் பக்கம், ஒரு வாரம் என்றார். தேசியப் பூங்கா, பைன் காடு, கடைசியில் பனிப்பாறை. அங்கேதான் கங்கை பிறக்கிறாள், அங்கே அவளுக்குப் பெயர் பாகீரதி, மைல் கணக்கில் சத்தமே இல்லாமல் உறைந்து கிடக்கிறாள் என்று ஏரிக்கரையில் நடந்தபடியே அவர் வர்ணித்தார். கேட்டதும் லக்ஷ்மிநாராயணனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அப்படி ஒரு பாகீரதியை அவர் பார்த்ததில்லை.

ஆனால் நான் தனியாகப் போகிறேன் என்று அந்த வீட்டில் சொல்ல முடியாது. ஆகவே திட்டம் இரண்டு பகுதிகளாக வகுக்கப்பட்டது. மனைவியை அழைக்க வேண்டும். அவளே மாட்டேன் என்னும்படி அழைக்க வேண்டும். அடுத்தது, கங்கை என்ற சொல் தவறியும் வாயில் வரக் கூடாது. தீர்த்தம், கோயில் என்று ஏதாவது காதில் விழுந்தால் சித்தியும் கூட வர மூட்டை கட்டிவிடுவாள்.

"பூஜை லீவுக்கு ஒரு நேஷனல் பார்க் போறோம், பாகீ. மலை, காடு, க்ளேசியர்" என்று சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"க்ளேசியர்னா?"

"ஐஸ். மலை மலையா ஐஸ். நடந்துண்டே இருக்கறச்சே திடீர்னு பிளந்துக்கும். உள்ளே போனவா வெளியில வந்தது கிடையாது."

"அப்புறம்?"

"கரடி."

"அது எதுக்கு?"

"பார்க் ஆச்சே."

பாகீரதி மோரை ஊற்றினாள். குளிருமோ என்று கேட்டாள். பல் தேய்க்கிற ஜலம் வாயிலேயே கட்டியாகிவிடும் என்றார். கடைசிக்கென்று வைத்திருந்ததை அப்போது எடுத்தார்.

"காப்பி கிடைக்காது."

பாகீரதியின் கை நின்றது. கரடிக்கு நிற்காத கை. நல்ல அறிகுறி என்று அவர் நினைத்தார். அவளோ பெருமூச்சு விட்டு, "நீங்க கூப்பிட்டு நான் எங்கே வரமாட்டேன்னிருக்கேன்?" என்றாள்.

இது அவர் எதிர்பார்க்காத பதில். அதிலிருந்து தினமும் ஒரு ஆபத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். பனிச்சரிவு வந்தது. அட்டை வந்தது. மூச்சுத் திணறல் வந்தது. முதல் நாள் ஒண்டியாக இருந்த கரடி சீக்கிரமே குடும்பத்தோடு குடியேறிவிட்டது. பாகீரதி எல்லாவற்றையும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கரியாஹாட்டுக்குப் போய்க் கம்பளி வாங்க வேண்டும் என்றாள்.

போனார்கள். சந்தேகம் வரக் கூடாதே என்று அவரும் தாராளமாகவே நடந்துகொண்டார். கடை கடையாக ஏறி இறங்கி அவள் தேர்ந்தெடுத்த ஸ்வெட்டர் அவளுக்குத் தொளதொளவென்று தொங்கியது. உள்ளே இன்னும் ரெண்டு போட்டுக்கணுமே என்று விளக்கமும் சொன்னாள். மித்ரா பாபுவிடம் இரண்டு பெயரும் கொடுத்தாகிவிட்டது. லக்ஷ்மிநாராயணனுக்குச் சோறு இறங்கவில்லை. மௌனமான பனிப்பாறையின்மேல் பாகீரதி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுபோலக் கனவு வந்தது.

கிளம்ப நாள் நெருங்கியபோது பாகீரதி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. யோசித்துப் பார்த்ததில் ரொம்ப பயமாயிருக்கிறது, கரடியைக்கூடச் சமாளிக்கலாம், காப்பி இல்லாமல் முடியாது, நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள் என்றாள்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பி வந்த முகத்தில் சோகம் இருந்தது. உன்னை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படி என்றார். மனசே இல்லை என்றார். அவள் மறுபடி மனசு மாறுவதற்குள் சரி என்றும் சொல்லிவிட்டார். ஒரு சீட்டை ரத்து செய்யச் சொல்ல மாடிப்படியில் இறங்கியபோது வாயில் ஒரு ராகம்கூட வந்தது.

மித்ரா பாபு டீ குடித்துக்கொண்டிருந்தார். ரத்தா, எதற்கு என்று கேட்டார். அதுதான் உங்கள் வீட்டு மாஷிமா, அந்தச் சித்தி, வருகிறாரே என்றார். நீங்கள் பெயர் கொடுத்த மறுநாளே பௌதி, உங்கள் மனைவி, வந்து, தன் இடத்தைச் சித்தி பெயருக்கு மாற்றிவிட்டுப் போனதாகச் சொன்னார். இந்த வயதில் மனைவியின் சித்தியை இமயமலைக்கு அழைத்துப் போக யாருக்கு மனம் வரும் என்று தோளில் தட்டிக் கொடுத்தார். கிளப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம்.

லக்ஷ்மிநாராயணன் மேலே வந்தபோது சித்தி நடுக்கூடத்தில் அந்த ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அவர் மனைவியைச் சமையலறையில் பிடித்தார்.

"கரடி இருக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன். பார்த்துக்கலாம்னா."

"காப்பி?"

"ஃபில்டரையும் பொடியையும் எடுத்து வெச்சுண்டாச்சு. அதிருக்கட்டும், அது கங்கை பிறக்கற இடமாமே? நீங்க சொல்லவே இல்லையே."

"யார் சொன்னா உனக்கு?"

"என் பேர் பாகீரதி. நான் எங்கே பிறந்தேன்னு எனக்குத் தெரியாதா?"

ஹவுராவில் பாகீரதி கையசைத்து வழியனுப்பினாள். ரயில் நகர்வதற்கு முன்னாலேயே அசைக்கத் தொடங்கிவிட்டாள்.

சித்தி பர்த்வானில் பேச ஆரம்பித்தவள் ஹரித்வாரில்தான் மூச்சு வாங்கினாள். மலையேறும் பஸ்ஸில், ஹாரனை இவ்வளவு அடிக்க வேண்டாம் என்று டிரைவரிடம் தமிழில் சொன்னாள், அவன் அடிக்கவில்லை. பைன் காட்டைப் பார்த்து, வரிசையில்லாமல் வைத்திருக்கிறார்கள் என்றாள். பனிப்பாறைக்கு ஏறும் பாதையில் அவள் கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். லக்ஷ்மிநாராயணன் கோவேறு கழுதைமேல் உட்கார்ந்து பின்னால் போனார். கழுதையை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். கரடி ஒன்றும் எதிர்ப்படவில்லை. பேச்சுச் சத்தம் அதற்கும் எட்டியிருக்கும்.

பனிப்பாறையிலிருந்து ஆறு புறப்படும் கோமுகம் வந்தது. அவர் நினைத்திருந்தது வெள்ளை வெளேரென்ற அமைதியை. எதிரே நின்றது அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பனிச்சுவர். அடியில் இருந்த குகையிலிருந்து ஆறு ஓவென்று இரைந்துகொண்டு வெளியே பாய்ந்தது. மைல் கணக்கில் உறைந்திருந்த பாகீரதி வாயைத் திறந்த இடம் அது. அவர் கழுதையை விட்டு இறங்கி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

சித்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து ஒரு கை ஜலம் எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டு, வெகு நேரம் அந்தக் குகையையே பார்த்தபடி நின்றாள். பிறகு பிளாஸ்கைத் திறந்து காப்பியை ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு வரவே இஷ்டமில்லை, மாப்பிள்ளை. பாகீதான் கெஞ்சினா. தனியா அனுப்பினா நீங்க தொலைஞ்சு போயிடுவேளாம், கூடப் போய்ப் பார்த்துக்கோன்னா."

"என்னையா?"

"உங்களோட ஒரு வாரம்னதும் யோசிச்சேன். உம்முனு மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருப்பேள். அதனாலதான் நானே ரெண்டு பேருக்குமாப் பேசிண்டு வரேன். எனக்கும் தொண்டை வலிக்கறது."

லக்ஷ்மிநாராயணன் காப்பியைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். கல்கத்தாவிலிருந்து ஒரே கையால் வெளியே தள்ளப்பட்ட இரண்டு பேர் எதிரெதிர் பாறைகளில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் புரிந்தது. சிரிப்பு வந்தது. சித்தியும் எதற்கென்று கேட்காமல் சிரித்தாள். இறங்கும்போது கழுதையை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் நடந்தார். கீழே வந்து சேர்வதற்குள், இத்தனை நாள் இருந்தது போதும், ஊர் போய்ச் சேர்ந்ததும் கும்பகோணத்துக்குக் கிளம்புகிறேன் என்று சித்தி தானாகவே சொன்னாள். அவர் மரியாதைக்கு ஒரு தடவை, ஒரே தடவை, இருக்கலாமே என்றார்.

வீடு திரும்பியபோது பாகீரதி கதவைத் திறந்தாள். ஒரு வாரம் தூங்கி எழுந்த முகம். ஜன்னல்களில் புதுத் திரைச்சீலை தொங்கியது. வீடு முழுக்க ஒரு நிம்மதி பரவியிருந்தது. அவர் பெட்டியைக் கீழே வைத்தார். சித்தி குளிக்கப் போகும் வரை பொறுத்திருந்தார். போர் முடித்து வந்த ராஜாவின் குரலில், சித்தி ஊருக்குக் கிளம்புகிறாள், மலையில் நான் பேசி முடித்துவிட்டேன் என்றார்.

பாகீரதி ஆச்சரியப்படவில்லை.

"கிளம்புவான்னு தெரியும். அவ்வளவு தூரம் தனியா எப்படி அனுப்பறது? நாளைக்குக் கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கியாச்சு. உங்க ஆபீஸுக்கும் போன் பண்ணிட்டேன், இன்னொரு வாரம் லீவு குடுத்துட்டா."