ஆறு பேர் சஹனில் நான் ஒருவன்

இல்லாத ஆளுக்குப் பெயர் வைக்கக் கூடாது. வைத்தாலும், அந்தப் பெயரை மாத்தளை வியாபாரிகளின் காதில் விழும்படி சொல்லக் கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது என்னிடம் இருந்ததெல்லாம் கையில் ஒரு லெப்டொப், தலையில் ஏகப்பட்ட கனம்.

ஸாலி ஹாஜியாருக்கு மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு, ஏலக்காய் மொத்த வியாபாரம். அவருடைய ஸ்டோரின் சரக்கையும் விலையையும் கவனிக்கிற மென்பொருள் ஒன்றைச் செய்து தர ஒப்புக்கொண்டேன். அதுதான் என் முதல் வேலை. இது கெட்டால் ஊரில் வேறு முதலாளி யாரும் என்னைக் கடைப் படி ஏற்ற மாட்டார். அலுவிகாரையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஒரே ஏஐயை ஐந்து நிபுணர்களாக நடிக்க வைத்து வேலை வாங்கினேன். ஒருவர் திட்டம் போடுவார், ஒருவர் புரோகிராம் எழுதுவார், இன்னொருவர் அதில் பிழை பிடிப்பார். இவர்களுக்கு நடுவில் ஓடித் திரிவது நான். (மெனேஜர் என்று சொல்லிக்கொண்டேன். பார்த்தது பியூன் வேலை.)

முதல் கிழமை ஒன்றும் சரிவரவில்லை. ஒருவர் சொன்னதற்கெல்லாம் மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். சண்டை பிடிக்காத குழு எதற்கு என்று ஆளுக்கொரு பெயரும் குணமும் எழுதிக் கொடுத்தேன். திட்டம் போடுகிறவர் மஜீத் சேர்; ஓய்வுபெற்ற அதிபர் மாதிரி, யார் பேச்சையும் கேட்க மாட்டார். பாதுகாப்புக்கு உவைஸ் நானா; என்னையே சந்தேகப்படுவார். பிழை பிடிக்க ஃபஸீல். அவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் ரசித்து எழுதிவிட்டேன்: பொறுமைசாலி, கோபமே வராது, குறை சொன்னாலும் மனம் நோகாமல் சொல்வார். அதன் பிறகு வேலை அமோகமாக நடந்தது. கராம்பு விலையை யார் மாற்றலாம் என்று மஜீத் சேரும் உவைஸ் நானாவும் முறுக்கிக்கொண்டு நின்றபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இவர்கள் எல்லாரும் ஏஐ என்று ஹாஜியாரிடம் முதல் நாளே சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அந்த நேரம் அவர் போனில் யாரோடோ மிளகு விலை பேசிக்கொண்டே தலையாட்டினார். விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆகவே பிறகு அவர் கேட்டதை எல்லாம் வேடிக்கை, பகிடி என்றே எடுத்துக்கொண்டேன்.

"வேல எப்ப முடியும் தம்பி?"

"ஃபஸீல் விடுறாரில்ல ஹாஜியார். இன்னொருக்கா பாக்கணுமாம்."

"நல்ல பொடியன். கலியாணம் முடிச்சிட்டாரா?"

"இன்னும் இல்ல."

"உம்மா வாப்பா?"

"அப்பிடி யாரும் இல்ல ஹாஜியார்."

"யதீம் புள்ளயா? பாவமே" என்று பெருமூச்சு விட்டார். என்ன நடிப்பு மனிதருக்கு என்று வீட்டில் உம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

மகளின் கலியாணத்துக்கு அழைத்தபோது, "டீம்ல ஒருத்தரையும் உட்டுட்டு வரக் கூடாது" என்றார். நான் சட்டைப் பையில் இருந்த போனைத் தட்டிக் காட்டி, "எல்லாரையும் கொண்டு வாறேன்" என்றேன்.

மண்டபத்தில் சஹன் வைத்திருந்தார்கள். ஒரு பெரிய தட்டில் புரியாணி, அதைச் சுற்றி ஆறு பேர். ஆறு பேர் சேராமல் மூடியைத் திறக்க மாட்டார்கள். ஹாஜியார் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு சஹனில் தனியாக இருத்தினார். ஆள் குறைகிறதே என்று உட்கார வந்த இரண்டு பேரை, "அது கம்பியூட்டர்காரங்கட சஹன்" என்று எழுப்பிவிட்டார். மண்டபத்தில் ஆட்கள் இடமில்லாமல் நிற்கிறார்கள். நான் ஆறு பேர் சோற்றுக்கு முன்னால் ஒற்றையாகச் சம்மணம் போட்டு இருக்கிறேன்.

"மத்தவங்க எங்க தம்பி? வண்டி நிப்பாட்டுறாங்களா?"

இன்னும் பகிடி என்றுதான் நினைத்தேன். போனை எடுத்து சஹன் ஓரத்தில் வைத்து, "எல்லாரும் வந்துட்டாங்க ஹாஜியார்" என்றேன்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர் குனிந்து போனைப் பார்த்து, "இதுல ஃபஸீல் எது?" என்று கேட்டார். அவர் ஹாஜியாரின் மச்சான், தங்கச்சியின் கணவர்; தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரி. அன்றைக்கு லொறிகளை அப்படியே விட்டுவிட்டு, மனைவியையும் மகள் ரிஃப்காவையும் கூட்டிக்கொண்டு ஃபஸீலை மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. (சஹன் மூடிக்குள் ஒளிய முடியுமா என்றுகூடப் பார்த்தேன்.) விளக்கினேன். விளக்க விளக்க ஹாஜியாரின் முகம் கறுத்தது.

"என்ட தங்கச்சிக்கு வாக்குக் குடுத்தீக்கிறேன். புள்ள புதுச் சாரி உடுத்துட்டு வந்தீக்கா. அவளுக்கு நான் இப்ப என்னத்த செல்ல?"

வேலை போனால் போகட்டும், ஒரு பெண்ணைப் பார்த்து ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டேனே என்று வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. மச்சான் தன் போனை எடுத்து, பெண்கள் பக்கம் இருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு சிரிப்பு வந்தது. போனிலும் கேட்டது, நடுவில் கட்டியிருந்த திரையைத் தாண்டியும் கேட்டது. அது ரிஃப்காவின் சிரிப்பு என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

மச்சான் போனைக் காதிலிருந்து எடுத்தார். "என்ட மனிசி கேக்குறா. அந்தக் குணமெல்லாம் உக்காந்து எழுதின பொடியன் கலியாணம் முடிச்சீக்கானா என்டு."

ஹாஜியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முடிக்கல்ல" என்று எனக்காக அவரே பதில் சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மச்சானையும் இருத்தினார். நின்றுகொண்டிருந்தவர்களில் மூன்று பேரைக் கூப்பிட்டார்.

"பிஸ்மி செல்லித் தொடங்குங்க, சோறு ஆறுது."

மென்பொருள் இன்றும் அந்த ஸ்டோரில் ஓடுகிறது. அடுத்த நோன்புக்கு முன்னால் ரிஃப்காவுக்கும் எனக்கும் நிக்காஹ் நடந்தது. ஃபஸீலின் குணத்தில் ஒன்றுகூட என்னிடம் இல்லை என்பதை அவள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். மாமனாருக்குத்தான் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. பெண் பேசி முடித்த அன்று என் அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தவர் அவர். இன்றைக்கும் தம்புள்ளைக்குப் போய் வாசலில் நின்று ஸலாம் சொன்னால், பதில் சொல்லும் முன் என் கையைப் பிடித்து நன்றாக ஒரு கிள்ளு கிள்ளுவார். நான் "ஸ்" என்று கையை இழுத்த பிறகுதான், "வஅலைக்கும் ஸலாம், உள்ளுக்கு வாங்க மகன்" என்பார்.