கிலோ மாஸ்டரும் என் சம்பந்தியின் எடையும்

சென்னையில் மனிதர்களை நேருக்கு நேர் எடை போட்டு, அந்த எடையைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லி, அதன் பிறகும் அடி வாங்காமல் நடமாடிக்கொண்டிருக்கும் ஒரே மனிதர் கிலோ மாஸ்டர்தான். அவருடைய உண்மைப் பெயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்குத் தெரிந்திருக்கலாம். மற்றவர்களுக்குத் தெரியாது. சாந்தோம்காரர். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து, விசிலும் கையுமாகவே ஓய்வு பெற்றவர்.

ஓய்வுக்குப் பிறகு அவர் பிடித்துக்கொண்ட வேலைதான் விசித்திரம். வேக்சர்ஃப் என்று ஒரு விளையாட்டு வந்திருக்கிறது. விசைப்படகு மெதுவாகப் போகும்போது பின்னால் ஓர் அலை எழும்புமல்லவா, அதன்மேல் பலகையில் நின்று சறுக்குவது. முதலில் படகிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். நின்றுவிட்டால் கயிற்றை விட்டுவிடலாம், அலையே தள்ளிக்கொண்டு போகும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கழிமுகம் ஒன்றில் தினேஷ் என்ற இளைஞர் ஞாயிறுதோறும் இதற்காகப் படகு விடுகிறார். வருகிறவர்களுக்கு எந்தப் பலகை என்று தீர்மானிப்பது கிலோ மாஸ்டர்.

சனிக்கிழமை மாலை சாந்தோமில் அவர் வீட்டு கார் ஷெட்டுக்குப் போக வேண்டும். சுவர் நெடுகப் பலகைகள் சாய்த்து வைத்திருக்கும். நடுவில், பழைய பேப்பர் கடையிலிருந்து வாங்கிய ஒரு இரும்பு எடைமேடை. பெயர், ஊர், தொழில் எதையும் கேட்க மாட்டார்.

"இன்னா, எத்தினி கிலோ? ஏறு மேல."

எடை கூடினால் பலகையின் நீளமும் அகலமும் தடிமனும் கூட வேண்டும். புதிய ஆளாக இருந்தால் அதற்கும் ஒரு அளவு பெரிது. நன்றாகத் தேறியவனுக்குத்தான் குட்டைப் பலகை. அது சொன்னால் திரும்பும், சொல்லாவிட்டாலும் திரும்பும். இவ்வளவுதான் விஷயம். இதை அவர் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த பதினோராவதாக நடத்திவந்தார்.

ஆளின் திறமையை அளக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. "ஏற்கெனவே தெரியுமா?" என்று கேட்பார். "ஓரளவு தெரியும்" என்றால் பெரிய பலகை. "ஒண்ணுமே தெரியாது" என்றால் அதைவிடச் சின்னது. "ஓரளவுன்றவனுக்கு ஒண்ணியும் தெரியாது சார். தெரியாதுன்றவன் கொஞ்சம் பாத்திருப்பான்" என்பார். எந்தக் கால் முன்னால் நிற்கும் என்று அறிய, நாம் அசந்திருக்கும்போது பின்னாலிருந்து தள்ளிவிடுவார். விழாமலிருக்க எந்தக் காலை முதலில் ஊன்றுகிறோமோ அதுதான் முன்கால். அடையாறு வங்கி மேலாளர் ஒருவர் எந்தக் காலையும் ஊன்றாமல் பலகைகளின் மேலேயே போய் விழுந்தார். "இவருக்கு ரெண்டு காலும் பின்கால்" என்று தீர்ப்பளித்தார் மாஸ்டர்.

ஒருமுறை ஒரு மென்பொருள் இளைஞன், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மெல்லிய குட்டைப் பலகை ஒன்றைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தான்.

"நான் நல்லா ஸ்கேட்போர்டு ஓட்டுவேன், மாஸ்டர்."

"மழைக்கு மாம்பலம் முழுவும் தண்ணி நிக்கும், அப்போ அத்த ஓட்டிக் காட்டு. இப்போ இந்தத் தோணிய எடு."

தோணி என்பது அவரிடமிருந்த மிகப் பெரிய பலகை. கட்டில் போலிருக்கும். இளைஞன் அழாத குறையாக அதைத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் முதல் முயற்சியிலேயே நின்றுவிட்டான்.

கல்யாண வரவேற்புகளுக்கு அவரோடு போவது ஆபத்து. மேடையைப் பார்த்துவிட்டு, "பையனுக்கு அஞ்சே கால் அடி பலகை. பொண்ணுக்கு நாலரை. ஒரே பலகைக்கு சண்டை வராது, நல்லா இருப்பாங்க" என்று வாழ்த்துவார். பந்தியில் அக்கம்பக்கம் திரும்பும்.

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற என்னை, அடையாறு நீச்சல் குளத்தில் பார்த்து இதற்கு இழுத்துவிட்டவரும் அவர்தான். ஒரு வருடம் என்னைப் பெரிய பலகையிலேயே வைத்திருந்தார். அதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் நின்றேன். அறுபத்தாறு வயதில் கயிற்றைக் கைவிட்டு நீரின் மேல் நின்றேன். அதை நான் குடியிருக்கும் கோபாலபுரத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அங்கேதான் வினை தொடங்கியது.

என் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி தியாகராய நகரில் நகைக்கடை வைத்திருப்பவர். அந்த வட்டாரத்துக்கே அண்ணாச்சி. நல்ல மனிதர், நல்ல கனம். முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என்னிடம், "பொண்ணு வீட்டுக்காரரு நீங்களே நிக்கீங்க. நான் நிக்க மாட்டேனா சம்பந்தி?" என்றார். மறுக்க எனக்குத் தைரியமில்லை.

சனிக்கிழமை ஷெட்டில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அண்ணாச்சியின் கடைக் கணக்குப்பிள்ளையும் கூட வந்திருந்தார். மாஸ்டர் எடைமேடையைக் காலால் நகர்த்தி, "ஏறுங்க" என்றார். வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் பொருளைத் தராசில் வைத்துப் பழகியவர் அண்ணாச்சி. தன்னையே வைக்கச் சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது. மகளின் கல்யாணம் இந்த ஷெட்டிலேயே நின்றுவிடும் போலிருந்தது.

"எண்பது கிலோ, மாஸ்டர். இப்போதான் டாக்டர்கிட்ட பாத்தோம்" என்றேன்.

மாஸ்டர் அண்ணாச்சியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்களே சொல்றீங்களா சார்?"

"நானே சொல்றேன்."

"சார் சொன்னா சரி." எண்பது கிலோவுக்கான பலகையை எடுத்துத் தனியாக வைத்தார். யார் வாய்ச்சொல்லையும் நம்பி அவர் பலகை கொடுத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் படகில் வழக்கம்போல, காத்திருப்பவர்களை எல்லாம் இடது பக்கம் உட்கார வைத்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தால்தான் அந்தப் பக்கத்து அலை பெரிதாகும். அண்ணாச்சி வந்து உட்கார்ந்ததும் படகு அவருக்கு வணக்கம் சொல்வது போல் சாய்ந்தது. மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். தோணி படகிலேயே, அவர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் நீரில் ஏதோ மீனைத் தேடுவது போல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சின்னப் பலகையையே நீட்டினார்.

நடந்ததை விவரிப்பானேன்? கயிறு இழுக்கும், அண்ணாச்சியின் தலை தெரியும், பலகை முக்குளித்துவிடும், பிறகு மிதவை உடுப்பு மட்டும் தெரியும். மறுபடியும் கயிறு. கணக்குப்பிள்ளை விசுவாசமாக எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்தார். கடைசி முறை முழங்கால் பிசகிவிட்டது.

"தப்பான பலகையைக் கொடுத்து ஆளைக் கொல்லப் பாத்தான் அந்த மாஸ்டர்" என்று கரையில் நின்று சத்தம் போட்டார் அண்ணாச்சி. தினேஷ் பயந்துபோய், இனிமேல் வர வேண்டாம் என்று அங்கேயே மாஸ்டரிடம் சொல்லிவிட்டார். மாஸ்டர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நான் சம்பந்தியைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு மாஸ்டர் வந்தார். வராமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் உண்மை. நொண்டியபடியே வரவேற்றுக்கொண்டிருந்த அண்ணாச்சி, உறவினர் கூட்டத்தின் நடுவில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மாஸ்டர்! உங்க பலகை கொடுத்த சீரைப் பாத்தீங்களா?"

"என் கணக்கு தப்பிப் போச்சு சார். மன்னிச்சுக்கங்க" என்றார் மாஸ்டர்.

நான் கல்கண்டுத் தட்டோடு இருவருக்கும் நடுவில் நின்றிருந்தேன். மாஸ்டரிடம் நான் சொன்னது இரண்டே வார்த்தை: "சாப்பிட்டுப் போங்க."

அடுத்த ஞாயிறு தனியாகக் கழிமுகத்துக்குப் போனேன். மாஸ்டர் இடத்தில் ஒரு புதிய ஆள் நின்று, "எந்தக் கலர் வேணும் மேடம்?" என்று கேட்டுப் பலகை கொடுத்துக்கொண்டிருந்தான். ஒல்லியான பெண் தோணியைத் திருப்ப முடியாமல் அதன் மேல் சவாரி போனாள். பருமனான ஒருவர் மெல்லிய பலகையோடு தண்ணீருக்குள்ளேயே இருந்தார். தினேஷைத் தனியே அழைத்து, எடையைக் குறைத்துச் சொன்னது நான்தான் என்றேன்.

"அங்கிள், இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "நான் பேசின பேச்சுக்கு, போன்ல கூப்பிட்டா மாஸ்டர் வர மாட்டார். நீங்களே கூட்டிட்டு வாங்க. ஆனா அண்ணாச்சிகிட்டயும் சொல்லிடுங்க. நாளைக்கு அவர் வந்து என்னைக் கேக்கக் கூடாது."

தியாகராய நகருக்குப் போனேன். அண்ணாச்சி ஒரு வாடிக்கையாளருக்குச் சங்கிலி நிறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். தள்ளிப்போட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று தெரிந்ததால் அங்கேயே சொன்னேன்.

"எவ்வளவு குறைச்சுச் சொன்னீங்க?"

"இருபத்தஞ்சு கிலோ இருக்கும்."

"சம்பந்தி! தங்கத்துல கால் கிராம் குறைஞ்சா நான் கடையை மூடணும். நீங்க கால் குவிண்டால் குறைச்சிருக்கீங்க!"

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சங்கிலி வாங்க வந்த அம்மாள் அவரை ஒருமுறை அளந்து பார்த்தாள். அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. அன்று மாலை மகள் தொலைபேசியில், "இதச் சொல்ல உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். அதோடு அவளும் பேசவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு விடிந்ததும் சாந்தோமுக்குப் போய் நின்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். மாஸ்டர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி காதில் வாங்கிக்கொண்டார்.

"படகு சாஞ்சப்பவே உங்களுக்குத் தெரியுமே மாஸ்டர். ஏன் அந்தப் பலகையையே கொடுத்தீங்க?"

"சம்பந்தி முன்னால நீங்க ஒண்ணு சொல்லிட்டீங்க. அவர் எதிர்க்க உங்கள பொய்யனாக்கச் சொல்றீங்களா? அது என் தப்புதான். பாவம், அந்த மனுசன் முட்டி போச்சு." அவ்வளவுதான். என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று நம்பித்தான் போயிருந்தேன்.

இருவரும் காரில் கழிமுகத்துக்குக் கிளம்பினோம். திருவான்மியூரில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் ஒரு பன் வாங்கி வந்தார்.

"பொண்ணு பேசறாளா சார்?"

"இன்னும் இல்லை."

பன்னைப் பிட்டு ஒரு பாதியை என்னிடம் கொடுத்தார். அது நன்றாகவே பெரிய பாதி. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.