தேசிக்காய் அண்ணை பாலைவனம் போன கதை

ஐரோப்பாவில் உருளுகிற சக்கரங்களிலேயே மிகவும் பத்திரமானவை சுவிஸில் எங்கள் ஷ்லீரன் ஊரில் உருளுபவைதான். அதற்குக் காரணம் காவல்துறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணம் தேசிக்காய் அண்ணை.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்குச் சலவைத்துணி ஏற்றும் வாகனம் ஓட்டுகிறார். புது வண்டியோ தூரப் பயணமோ, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சங்காயை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, வைத்து நசித்தால்தான் அவருக்கு மனம் ஆறும். காருக்கு நாலு, சைக்கிளுக்கு இரண்டு. என் மகள் பிறந்தபோது தள்ளுவண்டிக்கும் நாலு வைத்தார். பிள்ளையின் பாரத்துக்குத் தேசிக்காய் நசியவில்லை என்று எங்கள் நண்பன் யோகனையும் பிடித்து அதில் இருத்தப் பார்த்தார். யோகன் தொண்ணூறு கிலோ.

வாகனத் தரிப்பிடமெல்லாம் சாறு ஒட்டுகிறது என்று கட்டடத்தைப் பராமரிக்கும் சுவிஸ் அம்மா ஒருநாள் சண்டைக்கு வந்தார். அண்ணை அரை மணித்தியாலம் விளக்கம் கொடுத்தார். அடுத்த மாதம் அந்த அம்மா புதுச் சைக்கிளோடு வந்து அண்ணையின் கதவு மணியை அடித்து, இரண்டு போதுமா என்று கேட்டார்.

இப்படிப்பட்டவருக்குப் போன வசந்தத்தில் என்னையும் யோகனையும் கூட்டிக்கொண்டு பாலைவனம் பார்க்க ஆசை வந்துவிட்டது. எனக்கு இன்னும் சுவிஸ் கடவுச்சீட்டு கிடைக்கவில்லை. அதனால் விசா கேட்காத பாலைவனமாகத் தேடி, ஸ்பெயினின் தெற்கில் அல்மேரியாவுக்குப் பக்கத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார். என் மனைவிக்கு மட்டும் பயம். என் குடியுரிமை நேர்காணல் அடுத்த வெள்ளிக்கிழமை. காய்ச்சலால் ஏற்கெனவே ஒருமுறை தவறிவிட்டது. இனித் தள்ளிவைக்க மாட்டோம் என்று கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள்.

"அண்ணை, வெள்ளி காலமை ஒன்பதுக்கு இவர் நகரசபையிலை நிக்கவேணும்."

"யோசியாதையுங்கோ தங்கச்சி. வாசல்லை கொண்டுவந்து விடுறன்."

பாலைவனத்தைக் கண்டதும் அண்ணை எங்கள் வான் வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கினார். மஞ்சளும் சாம்பலுமாக மடிப்பு மடிப்பாகக் குன்றுகள். "மரமே இல்லாமலும் ஒரு இடம் இவ்வளவு வடிவா இருக்குமோடா!" என்றார். புதன்கிழமை திரும்பியிருக்க வேண்டியவர்கள், "இன்னுமொருக்காப் பாப்பம்" என்ற அவருடைய ஆசைக்காக வியாழன்வரை நின்றோம்.

வியாழன் காலை, படம் எடுக்கவேண்டும் என்று யோகன் அடம்பிடிக்க, வறண்ட ஆற்றுக்குள் வானை இறக்கினோம். முன்சக்கரங்கள் இரண்டும் மணலுக்குள் இறங்கிவிட்டன. தள்ளத் தள்ள இன்னும் புதைந்தது. தொலைபேசியில் தொடர்பு இல்லை. ஷ்லீரனோ கிட்டத்தட்ட இருபது மணித்தியால ஓட்டம். பதினெட்டு வருடம் காத்திருந்த நேர்காணல் கண்முன்னால் கைவிட்டுப் போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணை அமைதியாகப் பையைத் திறந்து இரண்டு தேசிக்காயை எடுத்தார்.

"அண்ணை, உங்களுக்கு விசரோ?" என்று யோகன் கத்தினான்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சக்கரத்தடியில் வைத்து வண்டியை முறுக்கினார். இறங்கி வந்து மணலைக் கிளறி, முழுசாக வெளியே வந்த தேசிக்காயைப் பார்த்து முகம் கறுத்தார்.

"நசியேல்லை. அடியிலை கெட்டியா ஏதும் வேணும். கல்லுப் பொறுக்குங்கோடா!"

வேறு வழியில்லாமல் பொறுக்கினோம். சக்கரத்தைச் சுற்றி மணலைத் தோண்டச் சொன்னார். தட்டைக் கற்களை வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் வானின் றப்பர் கால்மிதிகளை விரித்தார். அதன்மேல்தான் தேசிக்காய். இத்தனையும் அந்த இரண்டு காய்கள் நிம்மதியாகச் சாவதற்காக! வண்டியை எடுத்தார். 'டப்' என்று ஒரு சத்தம். சக்கரம் கால்மிதியைக் கவ்வி, கல்லில் ஏறி, வான் ஒரே மூச்சில் கரைக்கு வந்துவிட்டது.

"கல்லும் கால்மிதியும்தான் அண்ணை இழுத்தது. தேசிக்காய் இல்லை" என்றான் யோகன்.

"ஓமோ? அப்ப கல்லு அடுக்கச் சொன்னது ஆர்?"

யோகன் குனிந்து கால்மிதிகளை எடுத்து மணலைத் தட்டத் தொடங்கினான்.

மதியம் புறப்பட்டோம். யோகன் கொஞ்ச நேரம் மாற்றி ஓட்டினான். என்னிடம் மட்டும் அண்ணை ஸ்டியரிங்கைத் தரவே இல்லை. "நீ படி. படிச்சிட்டு நித்திரை கொள்" என்று பிரான்ஸ் முழுவதும் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். கன்டோன்கள் என்ற சுவிஸ் மாநிலங்கள் இருபத்தாறையும் மூன்று தடவை ஒப்புவித்தேன். வெள்ளி காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்க, நகரசபை வாசலில் என்னை இறக்கிவிட்டார்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். கன்டோன்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "இந்த ஊரில் உங்களுக்கு நெருக்கமானவர் யார்?" என்று நடுவில் இருந்த அம்மா கேட்டார். கீழ்வீட்டுச் சுவிஸ்காரர், கால்பந்துக் கழகத்துச் செயலாளர் என்று மனைவி பாடமாக்கித் தந்த பெயர்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். தரிப்பிடத்தில் எங்கள் வான். மணல் ஒட்டிய முகத்தோடு, வாயைத் திறந்தபடி, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே அண்ணை நித்திரை.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "உங்கள் சொந்தக்காரரா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.