விசாரணை சாரும் சமத்துப் பொண்ணும்

விசாரணை சாரைப் போல மனிதர்களை நம்பியவரும் கிடையாது, நம்பாதவரும் கிடையாது. ஒருவரைப் பற்றி ஊரே சொன்னால் அப்படியே நம்புவார். அந்த ஆளே தன்னைப் பற்றிச் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

ஒரு தடவை காய்ச்சலோடு அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். "என்ன பண்ணுது?" என்று டாக்டர் கேட்டார். இவர் என்னைக் கை காட்டினார். "இவர கேளுங்க டாக்டர். ரெண்டு நாளா எதுருல ஒக்காந்து என்னப் பாத்துக்கினு இருக்காரு. எனக்கு இன்னா தெரியும்?"

திருப்பதியில் குழந்தைகள் நலனுக்காக நடக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. நான் கணக்கு எழுதுகிறவன். அவர் எனக்கு எதிர் நாற்காலி. சொந்த ஊர் குப்பம். தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைத் தெலுங்கில் முடிப்பார், கோபம் வந்தால் கன்னடமும் சேரும். வெள்ளம், தீ, விபத்து என்று எதிலாவது சிக்கிப் பிழைத்த குழந்தைகளுக்கு அந்தப் பயம் உள்ளேயே தங்கிவிட்டதா என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பயந்த குழந்தையிடம் போய்க் கேட்டால் அது வாயைத் திறக்காது, கேட்பதே அதைக் கலவரப்படுத்தினாலும் படுத்தும். பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. தூக்கத்தில் கத்துகிறதா? சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறதா? எரிந்து விழுகிறதா? பெற்றோர், டீச்சர், பக்கத்து வீடு என்று ஒருவர் பாக்கியில்லாமல் கேட்பார்.

அந்த வருஷ மழையில் நகரிப் பக்கத்தில் ராத்திரியில் ஏரிக்கரை உடைந்து, ஒரு நெசவாளர் காலனிக்குள் தண்ணீர் புகுந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடியில் ஏறித் தப்பித்தார்கள். தண்ணீர் வடிந்து, தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு விசாரணைக்குப் போனார் சார். எனக்கு நகரி சொந்த ஊர் என்பதால் என்னையும் கூட அனுப்பினார்கள்.

முதல் வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. "பையன் தூக்கத்துல கத்துறானாம்மா?"

"அவன் எங்க சார் கத்துறான்? அவன் நைனாதான் குடிச்சிட்டு வந்து கத்துது."

"சரி, எரிஞ்சு எரிஞ்சு விழறானா?"

"பொறந்ததுலருந்தே அப்டித்தான் கீறான்."

நாலாம் வகுப்பு டீச்சரிடம், "வெள்ளத்துக்கு அப்புறம் கவனம் சிதறுதா?" என்று கேட்டார். "வெள்ளத்துக்கு முன்னால இருந்தாத்தானே சார் சிதறும்?" என்றார் அந்த அம்மா.

இன்னொரு வீட்டுப் பெண்ணின் சுபாவம் எப்படி, யாரோடு பேசுவாள் என்று பக்கத்து வீட்டில் இவர் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவளுடைய அத்தை துடைப்பத்தோடு வந்துவிட்டாள். "அது நாலாவதுதான்யா படிக்குது! அதுக்குள்ள மாப்ள வூட்லருந்து விசாரிக்க வந்துட்டியா?" நான் குறுக்கே விழுந்து காப்பாற்றினேன். அன்றிலிருந்துதான் அவர் விசாரணை சார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு வீட்டில் அவர் முகம் மலர்ந்தது. புவனா என்ற பெண். அதே நாலாம் வகுப்பு.

"அது வூட்ல இருக்கறதே தெரியாது சார்" என்றாள் அவள் அம்மா, தறிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி. "குடுத்தத துன்னும். சொன்ன பேச்சு கேக்கும். தம்பிய அதுதான் பாத்துக்குது."

டீச்சரோ, "எல்லாரும் புவனா மாதிரி இருந்தா எனக்கு தலவலியே வராது" என்றார். பக்கத்து வீட்டிலும் அதே பாட்டு.

ரயிலில் திரும்பும்போது சார் சந்தோஷமாக இருந்தார். "ஒரு கொழந்தையாவது தப்பிச்சிதே, தேவுடா!"

கத்துகிற பையன்களுக்கும் அழுகிற பெண்பிள்ளைகளுக்கும் மனநல ஆலோசனைக்கு ஏற்பாடானது. ஆறு மாதம் கழித்து, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க மறுபடி போனோம். மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. ஒதுங்குவதற்குக் கிடைத்தது புவனா வீட்டு வாசல். கரண்ட் போய்த் தறி நின்றுவிட்டது.

"பாப்பா எங்கம்மா?" என்றார் சார், சும்மா பேச்சுக்கு.

"மேல கீது சார்" என்று பரணைக் காட்டினாள் அம்மா.

நிமிர்ந்து பார்த்தோம். பாத்திரங்களுக்கு நடுவில் புவனா குந்தியிருந்தாள். தம்பியை மடியில் வைத்து, அம்மாவின் பழைய புடவையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். கண் வாசலிலேயே இருந்தது. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

"மழ வந்தா எப்பவும் இப்டித்தான் சார். தம்பிய இட்டுக்கினு ஏறிக்கும். நான் சொல்லவே வேணாம். அவ்ளோ பொறுப்பு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் பெருமை.

சார் வீட்டுக்குள் நுழைந்தார். பரணுக்குக் கீழே போய் நின்றார். எனக்குத் தெரிந்து ஒரு குழந்தையிடமே அவர் நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னாம்மா பாத்துக்கினு இருக்க?"

அவள் தம்பியின் கட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "தண்ணி வருதான்னு" என்றாள்.

"வந்தா?"

"நான் கத்துவேன். அம்மா ஏறிக்கும். அன்னிக்கி நான் தூங்கிட்டேன் சார், அதான் யாருக்கும் தெரியல."

அம்மாவின் முகம் மாறியது. "ஐயோ, நீ தூங்கினதுக்கா தண்ணி வந்துச்சு?" என்று ஏணியில் ஏறி, கட்டை அவிழ்க்காமலே இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். சார் வாசலுக்கு வந்து மழையிலேயே நின்றார்.

"ஆறு மாசம்" என்றார் என்னிடம். "அந்தக் கொழந்த ஆறு மாசம் ஒண்டியா ஏரிக்கு காவல் இருந்திருக்கு. நான் அத நல்ல கொழந்தன்னுட்டு போயிட்டேன்."

புவனாவுக்குத் திருப்பதியில் சிகிச்சை ஆரம்பித்தது. அம்மாவும் அவளும் ரயிலில் வருவார்கள், சார் ஸ்டேஷனுக்கே போய் அழைத்துவருவார். மெல்ல மெல்லத் தேறினாள். பிறகு மழை வந்தால் தம்பியோடு ஜன்னலில் நின்று கை நீட்டுகிறாள் என்று அம்மா சொன்னபோது நான் இனிப்பு வாங்கி வந்தேன். சார் தொடவில்லை.

'சமத்து' என்று பேர் வாங்கிய பிள்ளைகளை எல்லாம் தேடி அவர் திரும்பப் போனார். இந்த முறை பெரியவர்களையும் கேட்டார், பிள்ளைகளோடும் தரையில் உட்கார்ந்து பேசினார். இன்னும் சிலர் அகப்பட்டார்கள். ஒவ்வொருவர் அகப்படும்போதும் அவர் கொஞ்சம் தளர்ந்தார். கடைசியில் ராஜினாமா கொடுத்துவிட்டார்.

"கண்டுபிடிச்சதும் நீங்கதானே சார்?" என்று வாதாடினேன்.

"மழ கண்டுபிடிச்சுது" என்றார்.

இப்போது குப்பத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார், தக்காளி போடுகிறார். அவர் இடத்துக்கு ஓர் இளம்பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. பெற்றோர், டீச்சர், குழந்தை என்று யாரையும் விடாமல் பொறுமையாகக் கேட்கிறாள். அவர் கடைசியில் செய்ததையெல்லாம் இவள் முதலிலிருந்தே செய்கிறாள், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் காலையில் வந்து அவள் அந்த எதிர் நாற்காலியில் உட்காரும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரத்தான் செய்கிறது.