முதல் ஸ்டால் பிள்ளையாருக்கு

மும்பையில் பிள்ளையாரைப் பார்த்து இனிப்பைக் குறைக்கச் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதுவும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் மைக்கோடு, இந்தியில் சொன்னேன். (சாமி கண்ணைக் குத்தும்னு அம்மா சொன்னாங்க. இதுவரைக்கும் ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு.)

அப்போது நான் செம்பூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில், ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் தற்காலிக ஊழியன். கழுத்தில் ஐடி கார்டு தொங்க தாராவி சந்து வழியே நடக்கும்போது எனக்கே என்னைப் பார்த்து மரியாதை வரும். ஆனால் ஒப்பந்தம் முடிகிற நேரம். எங்கள் பிரிவுத் தலைவி, எல்லோருக்கும் 'மேடம்', தெளிவாகச் சொல்லிவிட்டார்: "கண்காட்சி நல்லபடியா முடியட்டும். உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதறேன்." முடியாவிட்டால் அப்பாவின் பெல்ட் பட்டறையில் பக்கிள் மாட்ட வேண்டியதுதான். அப்பா எனக்கென்று ஒரு ஸ்டூலைத் துடைத்தே வைத்திருந்தார்.

கண்காட்சி என்றால், பல்கலைக்கழகத்தில் யார் யார் என்னென்ன ஆராய்கிறார்கள் என்று ஊருக்குக் காட்டுகிற நாள். அதுவரை ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயில் புகை வரும் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றியது. ஒருவர் வவ்வால் எச்சத்தை ஆராய்கிறார். ஒருவர் கழிமுகச் சேற்றுப் புழுவை. இன்னொருவர் லோக்கல் ரயிலில் நாலாவது ஆளாக சீட்டு நுனியில் ஒட்டிக்கொண்டு உட்காருகிறவர்களின் முதுகுவலியை. ஒரு அம்மாள் ஊர் ஊராகப் போய்த் தாலாட்டுப் பாட்டு சேகரிக்கிறார். வீட்டில் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன்.

"இதுக்கெல்லாமா லே சம்பளம் குடுக்காங்க?" என்றார் அம்மா.

"சேத்துப் புழுவுக்குக்கூட ஒரு ஆள் இருக்கான். நம்ம சந்துச் சாக்கடையப் பாக்கத்தான் ஒருத்தனும் இல்ல" என்றார் சித்தப்பா.

சித்தப்பா தாராவியில் பந்தல்காரர். கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் மூங்கில், துணி, மேஜை அவருடையதுதான். கண்காட்சிக்கு ஸ்டால் போடும் வேலையை மேடத்திடம் கெஞ்சி அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். (சொந்த செலவில் சூனியம்னு சொல்வாங்களே, அது.)

எனக்கு வழிகாட்டி வேலை. நிதி கொடுக்கிற அமைப்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவார். அவரை ஒவ்வொரு ஸ்டாலாக அழைத்துப் போய் விளக்க வேண்டும். மேடம் போட்ட சட்டம் இரண்டு. காகிதத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது. விருந்தாளிக்கு முதுகைக் காட்டக் கூடாது. ஆகவே எல்லா ஸ்டாலுக்குமான விளக்கத்தையும் வரிசையாக நெட்டுரு போட்டேன். பின்பக்கமாக நடக்கவும் பழகினேன். எங்கள் வீட்டில் கட்டிலுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கும்? அம்மாவின் காலை மிதித்து, குழம்புச் சட்டியைக் கவிழ்த்துத் தேர்ச்சி பெற்றேன். ஒவ்வொரு ஸ்டாலின் தொடக்கத்திலும் ஒரு மூங்கில் இருக்கும். முதுகில் மூங்கில் இடித்தால் அடுத்த ஸ்டால் வந்துவிட்டது என்று அர்த்தம். இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு நான் ஏன் ஆராய்ச்சி பண்ணவில்லை என்று அன்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கண்காட்சியன்று ஹார்பர் லைனில் ரயில் தாமதம். நான் ஓடி வந்து சேரவும் பெரிய மனிதரின் கார் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. மைக்கைக் கையில் திணித்தார்கள். ஸ்டால் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. கும்பிட்டேன், சிரித்தேன், பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தேன்.

முதல் மூங்கில் முதுகில் இடித்தது. முதல் ஸ்டால், குழந்தைகளும் இனிப்பும். அங்கே ஒரு கொழுகொழு குழந்தையின் அட்டைப் படம் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் நின்றதும் பெரிய மனிதர் செருப்பைக் கழற்றினார். அவருடன் வந்தவர்களும் கழற்றினார்கள். எல்லோரும் என்னை நோக்கிக் கைகூப்பினார்கள். என்ன பண்பாடான மனிதர்கள் என்று நெகிழ்ந்துபோய், நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். பிறகு திரும்பாமலேயே கட்டை விரலால் பின்னால் காட்டினேன்.

"இந்த வயிற்றைப் பாருங்கள். இது ஒரே நாளில் வந்ததல்ல. ஆசை ஆசையாக லட்டும் மோதகமும் ஊட்டி வளர்த்ததன் விளைவு. இவரைக் குறை சொல்லாதீர்கள், கொண்டுவந்து கொடுக்கிறவர்களைச் சொல்லுங்கள். இன்றோடு இனிப்பை நிறுத்திவிட்டுத் தினமும் ஓடவிட வேண்டும்."

பெரிய மனிதர் கண்ணை மூடி, "பாப்பா, பாப்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மராட்டிக்காரர்கள் பிள்ளையாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. ஊதுபத்தி வாசனை வந்தது, அதுவும் உறைக்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் மேடம் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னும் சத்தமாகப் பேசச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு குரலை உயர்த்தினேன்.

இரண்டாவது மூங்கில். முதியவர்களின் ஞாபக மறதி. பின்னால் ஒரு பெண் குரல், "அண்ணா, ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்தது. கேள்விகள் கடைசியில், என்று கையைக் காட்டி அடக்கினேன்.

"இவர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்குக் கட்டிய மனைவியின் பெயரே ஞாபகம் இல்லை."

பின்னால் கிளுகிளுவென்று சிரிப்பு. முதல் ஸ்டாலில் எடை பார்ப்பதற்காக அழைத்திருந்த நாலாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய டீச்சரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது மூங்கில். பழைய கட்டடங்களின் உறுதி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நடிப்போடு பேசுவேன்.

"வெளியே பளபளப்பாக வைத்திருக்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே எல்லாம் துருப்பிடித்துவிட்டது. மழை வந்தால் ஒழுகும். ரிப்பேர் செய்வது வீண் செலவு. தட்டிப் பார்த்தாலே தெரியும்!"

காட்சிக்கு வைத்திருக்கும் கான்கிரீட் துண்டைத் தட்டிக் காட்டக் கையைப் பின்னால் நீட்டினேன். டொக் டொக். கான்கிரீட் வெதுவெதுப்பாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது.

"போறும்ப்பா, தட்டினது" என்றது கான்கிரீட், தமிழில். "என்னை எப்போ இடிக்கறதா உத்தேசம்?"

திரும்பினேன். மாட்டுங்காவிலிருந்து ஞாபக மறதி ஆராய்ச்சிக்காக வந்திருந்த பெரியவர்கள் வரிசையாக நாற்காலியில் இருந்தார்கள். என் விரல் ஒரு மாமாவின் வழுக்கை மேல் இருந்தது. அந்தப் பக்கம் பிள்ளைகள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிக்க, அதற்கும் அந்தப் பக்கம், எங்கள் சித்தப்பாவின் சிவப்புப் பட்டுத் துணி விரித்த மேஜையில், எலுமிச்சம்பழம் தேங்காயோடு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

பெரிய மனிதருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னார் என்று கேட்டார். நான் மென்று விழுங்குவதற்குள், மாமாவே எழுந்து சுத்தமான மராட்டியில் மொழிபெயர்த்துவிட்டார், துருப்பிடித்ததையும் ஒழுகுவதையும் சேர்த்து. மைக்கை மாமா மடியில் போட்டுவிட்டு ஓடினேன். எங்கே ஓடுவது? பிள்ளையார் மேஜைக்கு அடியில்தான். அங்கே சித்தப்பா ஏற்கெனவே உட்கார்ந்து தேங்காய்ச் சில்லு தின்றுகொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு ஒண்ணாம் ஸ்டால்ல பிள்ளையார வச்சீங்க?"

"பிள்ளையார வைக்காம யாராச்சும் ஒரு காரியத்தத் தொடங்குவானா லே? எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணு தள்ளிப் போட்டேன். கடைசில ஒரு ஸ்டாலு கூடவே அடிச்சுக் குடுத்திருக்கேன்லா, சும்மா!"

"என் வேலை போச்சு சித்தப்பா."

"அதுக்குத்தான் வச்சிருக்கு. வேண்டிக்க."

வேண்டிக்கொள்ள எந்த முகத்தை வைத்துக்கொண்டு? இப்போதுதான் அவரை ஓடச் சொல்லியிருக்கிறேன். அப்பாவின் பட்டறை ஸ்டூல் கண் முன்னால் வந்தது. இருபத்தாறு வயதுத் தடியன் மேஜைக்கடியில் அழுதேன் என்பதை மறைப்பானேன்? சித்தப்பா ஒரு தேங்காய்ச் சில்லைக் கையில் வைத்தார். அழுதுகொண்டே தின்றேன்.

மேஜைத் துணி விலகியது. மேடம். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர். கோபத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரித்து முடித்து வந்திருந்தார்.

"அந்தப் பெரிய மனுஷர் வருஷா வருஷம் மூணாவது ஸ்டால்ல கடிகாரத்தைப் பார்ப்பார். இன்னைக்கு அந்த மாமா பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டார். ஞாபக மறதி ஆராய்ச்சிக்கு நிதி நீட்டிக்கச் சொல்லிட்டார். அவரோட அம்மாவுக்கும் அதே வியாதியாம்."

"மேடம், என் வேலை?"

"எழுதறேன். ஆனா ஒரு நிபந்தனை. இனிமே நீ வெளியே வரக் கூடாது, மைக்கைத் தொடக் கூடாது. உள்ளே உட்கார்ந்து பட்டியல் மட்டும் போடு."

அப்பாடா! என்றேனே பார்க்கலாம். வேலை கிடைத்ததற்கு ஒரு அப்பாடா, இனி யார் முன்னாலும் பேச வேண்டாம் என்பதற்கு இன்னும் பெரிய அப்பாடா. அன்று ரயிலில் நாலாவது சீட்டில் முதுகு வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டே வீடு வந்தேன். அப்பா ஸ்டூலை எடுத்து உள்ளே போட்டார்.

இன்றும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறேன். வவ்வாலும் புழுவும் தாலாட்டும் என் பட்டியலில் பத்திரமாக இருக்கின்றன. கண்காட்சி வரைபடத்தில் முதல் ஸ்டாலைக் காலியாக விட்டுத்தான் போடுகிறோம். வேலையைக் காப்பாற்றியது பிள்ளையார் என்பது சித்தப்பாவின் கட்சி. வேலைக்கு ஆபத்து வந்ததே அவரால்தான் என்பது என் கட்சி.

அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சதுர்த்திக்கும் கொழுக்கட்டை வெந்து இறங்குகிற நேரம் பார்த்து என்னைப் பூ வாங்க அனுப்பிவிடுவார். வாசல் படி இறங்குவதற்குள் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்கும்:

"அவன் போயிட்டான் சாமி. சட்டுனு சாப்பிடும்."